ஃப்ரைபுர்க்கில் ஒரு கோடை: ஒஹாயோக்காரியின் நாட்குறிப்பு

ஜூன் 22, 2025, ஞாயிறு

நேற்று மாலை அம்மாவும் நானும் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் வந்து சேர்ந்தோம். கோடை முழுக்கத் தங்கை வீட்டில்தான். நான் அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து புறநகரில் பல வருடமாகக் குடியிருக்கிறேன். அம்மா ஈரோட்டிலிருந்து அங்கே வந்து போய்ப் பழகியவர். ஜெர்மனி அம்மாவுக்குப் புதிது.

காலையில் அம்மா தயிர் உறை ஊற்றப் பால் கேட்டார். "இன்னிக்கு ஞாயித்துக்கிழமைம்மா, கடையெல்லாம் பூட்டியிருக்கும்" என்றாள் தங்கை. சும்மா நடந்து பார்த்துவிட்டு வரலாம் என்று மூவரும் இறங்கினோம். சூப்பர்மார்க்கெட் இருட்டாகக் கிடந்தது. துணிக்கடை, மருந்துக்கடை, செருப்புக்கடை எல்லாம் அப்படித்தான். முனையில் இருந்த ரொட்டிக்கடை மட்டும் சில மணி நேரம் திறந்திருந்தது. ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகளும் பெட்ரோல் பங்க்கும் விதிவிலக்கு. பால் கடைசியில் ரயில் நிலையத்தில்தான் கிடைத்தது.

தங்கையின் கணவர் விவரம் சொன்னார். இது கடைக்காரர்கள் தாங்களாக எடுத்த முடிவு இல்லையாம், அரசியல் சட்டத்திலேயே இருக்கிறதாம். வைமார் அரசியல் சட்டம் என்கிற 1919ஆம் ஆண்டின் பழைய ஜெர்மன் அரசியல் சட்டத்தில் 139ஆம் பிரிவு, ஞாயிறையும் பண்டிகை நாட்களையும் ஓய்வு நாட்களாகப் பாதுகாக்கிறது. 1949இல் புதுச் சட்டம் எழுதியபோது அந்தப் பிரிவை அப்படியே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். பெர்லினில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறும் கடை திறக்க விட்டபோது தேவாலயங்கள் வழக்குப் போட்டன. 2009இல் உச்ச அரசியல் சட்ட நீதிமன்றம் அதற்குத் தடை சொல்லிவிட்டது.

ஒஹாயோவில் என் வாரச் சாமான் எல்லாம் ஞாயிறு மாலையில்தான் வாங்குவேன். அங்கே கவுண்டரில் நிற்கும் பெண்ணுக்கும் அன்று ஞாயிறுதான்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று கடை போனோம். அம்மா முதலில் நின்றது முட்டை அடுக்கின் முன்னால். ஃப்ரிட்ஜில் வைக்காமல் வெளியே அடுக்கியிருந்தார்கள். "நம்ம அண்ணாச்சி கடை மாதிரியே இருக்குது பாரு" என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அமெரிக்காவில் கடைக்கு வரும் முட்டையை ஆலையில் கழுவி விடுகிறார்கள். அப்போது ஓட்டின் மேலிருக்கும் இயற்கைப் படலம் போய்விடும், அதனால் குளிரில் வைத்தே ஆக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் முதல் தர முட்டையைப் பொதுவாகக் கழுவக் கூடாது. ஒவ்வொரு முட்டையிலும் ஒரு எண் முத்திரை. 0 என்றால் இயற்கை முறைப் பண்ணை, 1 என்றால் வெளியில் மேய்ந்த கோழி, 2 கொட்டகைக் கோழி, 3 கூண்டுக் கோழி. கோழி எப்படி வாழ்ந்தது என்பதை முட்டையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது.

விலைச்சீட்டில் போட்டிருப்பதுதான் விலை. வரி உள்ளே அடக்கம், சாப்பாட்டுச் சாமானுக்கு 7 சதவீதம், மற்றவற்றுக்குப் பெரும்பாலும் 19. எங்கள் மாவட்டத்தில் 5 டாலர் என்று எழுதிய சோப்பு, கவுண்டரில் 8 சதவீத விற்பனை வரியோடு 5.40 ஆகிவிடும். மாநிலம் ஒன்று சேர்க்கும், மாவட்டம் ஒன்று சேர்க்கும், ஊருக்கு ஊர் மாறும்.

ஆனால் நான் வீட்டுக்கு வந்தும் நினைத்துக்கொண்டிருந்தது கல்லாவில் இருந்தவரைத்தான். அவர் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தார். ஒஹாயோவில் என் பக்கத்து வீட்டம்மாவுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. ஒரு கடையில் கல்லா வேலை. ஷிஃப்ட் முழுக்க நின்றபடிதான். ராத்திரி வீங்கிய காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவாகத் தெரியும் என்று சொல்லி வைத்திருக்கிறார்களாம். இங்கே உட்கார்ந்திருந்தவர் பொருட்களைத் தள்ளிய வேகத்துக்கு அம்மாவால் பையில் போட முடியவில்லை. உட்கார்ந்தால் வேலை ஓடாது என்பதெல்லாம் வெறும் பேச்சு.

ஜூன் 28, சனி

மதியம் வெளியே சாப்பிட்டோம். அமெரிக்காவில் உட்கார்ந்தவுடன் ஐஸ் போட்ட தண்ணீர் வந்துவிடும், காசும் கிடையாது. இங்கே தண்ணீர் என்றால் பாட்டில்தான், வாயு கலந்ததா கலக்காததா என்று கேட்பார்கள், பில்லிலும் வரும். அம்மாவால் இதை ஏற்கவே முடியவில்லை. "தண்ணிக்குக் காசு வாங்கறது பாவமுங்க மாப்பிள்ளை" என்றார். இதில் நான் அம்மா கட்சி. ரைன் நதியைத் தாண்டி பிரான்ஸுக்குப் போனால் கேட்டதும் ஜாடியில் குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும், அது அங்கே சட்டம். ஐரோப்பா என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், ஒரு மணி நேரப் பயணத்தில் வழக்கமே மாறிவிடுகிறது.

சாப்பிட்டு முடித்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். பில் தானாக வரவில்லை, நாமாகக் கேட்கும்வரை கொண்டுவர மாட்டார்கள். பரிமாறிய பெண் கார்டு மெஷினை மேசைக்கே எடுத்து வந்தார். தங்கையின் கணவர் கொஞ்சம் கூட்டி ஒரு தொகையைச் சொன்னார், அவ்வளவுதான் டிப்ஸ். பத்து சதவீதம்கூட இருக்காது.

அமெரிக்காவில் இருபது சதவீதம் வைப்பது தாராள மனசால் மட்டும் இல்லை. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991இலிருந்து அது மாறவே இல்லை. ஒஹாயோவில் 2025இல் 5.35, அதாவது மற்றவர்களின் குறைந்தபட்சக் கூலியில் பாதி. மீதியை மேசையில் உட்காருகிறவர் தரவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஜெர்மனியில் பரிமாறுகிறவருக்கும் எல்லோருக்கும் உள்ள அதே குறைந்தபட்சக் கூலிதான், 2025இல் மணிக்கு 12.82 யூரோ. அந்தப் பெண் எங்களிடம் சிரிக்கவில்லை என்று அம்மாவுக்கு ஒரு குறை. அவர் மாதச் சம்பளம் நம் மனநிலையை நம்பி இல்லை, அதனால் சிரிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வால்மார்ட் 1997இல் ஜெர்மனிக்கு வந்து, வாசலில் வரவேற்க ஆள் நிறுத்திப் பார்த்து, 2006இல் கடைகளை விற்றுவிட்டுப் போனது. தோற்றதற்குப் பல காரணம் உண்டு, வலிந்த சிரிப்பு இந்த ஊர்க்காரர்களுக்கு ஒட்டவில்லை என்பது அவற்றில் ஒன்று.

ஜூலை 2, புதன்

வெயில் தாங்கவில்லை. வீட்டில் ஏசி கிடையாது, இந்தக் கட்டடத்தில் யார் வீட்டிலும் கிடையாது. அமெரிக்காவில் பத்தில் ஒன்பது வீட்டில் ஏதோ ஒரு ஏசி இருக்கும். இங்கே விடியற்காலையில் எல்லா ஜன்னலையும் திறந்து காற்றை உள்ளே விட்டு, எட்டு மணிக்குள் வெளிப்பக்கத் திரைப்பலகையை இறக்கி வீட்டையே இருட்டாக்கிவிடுகிறார்கள். மதியம் வரை அது உதவுகிறது, அப்புறம் இல்லை. அமெரிக்க ஏசி மோகத்தைக் கிண்டல் செய்கிறவர்கள் 2003 கோடையை மறக்கக் கூடாது. பிரான்ஸில் மட்டும் சுமார் 15,000 பேர் அந்த வெப்பத்தில் இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள், பலர் தனியாக இருந்தவர்கள். அம்மாவின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

ஜூலை 4, வெள்ளி

அமெரிக்கச் சுதந்திர தினம். அங்கே வாண வேடிக்கை, இங்கே சாதாரண வெள்ளிக்கிழமை. வெயில் கொஞ்சம் குறைந்தது. ஒஹாயோவில் இருக்கும் என் கணவர் பக்கத்து வீட்டில் மாமிசம் சுடும் புகையை வீடியோவில் காட்டினார்.

ஜூலை 9, புதன்

தங்கையின் மகளுக்கு எட்டு வயது. காலையில் தோழிகளோடு தானாக நடந்து பள்ளிக்கூடம் போகிறாள். பெரியவர்கள் யாரும் கூட இல்லை. வழியில் டிராம் தண்டவாளம், சைக்கிள் கூட்டம் எல்லாம் உண்டு. சிவப்பு விளக்கு எரியும்போது, தெருவில் ஒரு வண்டிகூட இல்லாவிட்டாலும் பெரியவர்கள் காத்து நிற்கிறார்கள். குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம்.

ஒஹாயோவில் என் தெருவிலிருந்து ஒரு ரொட்டி வாங்கவும் கார் எடுக்க வேண்டும். அங்கே நடப்பவர்கள் குறைவு என்பதற்கு சோம்பலைக் காரணம் காட்டுவார்கள் சிலர். அது நியாயமில்லை. கிளீவ்லாந்துக்குக் கிழக்கே எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் யூக்ளிட் என்ற ஊர் இருக்கிறது. வீடு எங்கே, கடை எங்கே, தொழிற்சாலை எங்கே என்று அந்த ஊர் நிலத்தைப் பிரித்து விதி போட்டது. ஒரு நில நிறுவனம் எதிர்த்து வழக்காடியது. 1926இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஊர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தனி வீடுகள் உள்ள பகுதியில் கட்டப்படும் அடுக்குமாடி வீடு ஒட்டுண்ணி மாதிரி என்று அந்தத் தீர்ப்பில் எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு நாடு முழுக்க வீட்டுப் பகுதி என்றால் வீடு மட்டும்தான் என்றாகிவிட்டது. மளிகைக்கடை, தேநீர்க்கடை, முடி திருத்தும் கடை எல்லாம் நெடுஞ்சாலை ஓரத்துக்குப் போய்விட்டன.

ஜெர்மனியிலும் நிலப் பிரிவு விதி உண்டு. ஆனால் இங்கே பொதுவான குடியிருப்புப் பகுதியில், அந்தப் பகுதி மக்களுக்கான கடையையும் சாப்பாட்டுக்கடையையும் விதியே அனுமதிக்கிறது. தங்கை வீட்டுக் கீழே ரொட்டிக்கடை இருப்பதற்கு இதுதான் காரணம். ஊரின் தெற்கில் வோபான் என்று ஒரு பகுதி. 1992இல் பிரெஞ்சு ராணுவம் காலி செய்த முகாம் நிலம் அது. வீட்டு வாசலில் கார் நிறுத்த இடமே இல்லாத தெருக்கள் அங்கே நிறைய. கார் வைத்திருப்பவர்கள் பகுதியின் ஓரத்தில் உள்ள பொது நிறுத்தத்தில்தான் விட வேண்டும். தெருவில் குழந்தைகள் சாக்கட்டியால் கோடு போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அம்மா ரொம்ப நேரம் நின்று பார்த்தார். என் பிள்ளைகளுக்கு இது கிடைக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

புல்வெட்டும் சத்தமே இல்லாத ஞாயிறு. குடியிருப்புப் பகுதியில் இன்று அந்த மெஷினை இயக்கவே கூடாது, கண்ணாடிப் பாட்டிலைப் பொதுத் தொட்டியில் போட்டு உடைக்கவும் கூடாது. முதல் வாரம் எரிச்சலாக இருந்தது, இப்போது சனிக்கிழமையே பால் வாங்கிவிடுகிறோம்.

ஜூலை 19, சனி

ரயிலில் பக்கத்து ஊர் போனோம். நிலையக் கழிப்பறையில் 1 யூரோ போட்டால்தான் தடுப்புக் கதவு திறக்கும். அம்மாவிடம் சில்லறை இல்லை, நான் வரும்வரை அவசரத்தோடு நின்றுகொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் காசுக் கழிப்பறைகள் இருந்தன. 1970இல் ஒஹாயோவின் டேட்டன் நகரத்து இளைஞர்கள் அதற்கு எதிராக ஒரு சங்கமே தொடங்கினார்கள். ஆண்களுக்கான சிறுநீர்த் தொட்டி இலவசம், பெண்களுக்கு மட்டும் எப்போதும் காசா என்பது அன்று எழுந்த முக்கியமான கேள்வி. 1973இல் சிகாகோ தடை செய்தது, பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. நம் மாநிலத்துப் பிள்ளைகள் செய்த காரியம் என்று அம்மாவிடம் பெருமையாகவே சொன்னேன்.

ஜூலை 26, சனி

அம்மா இன்று வெளியே வரவில்லை. முட்டி வலி. தங்கை வீடு பழைய கட்டடத்தில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அதுவும் இங்கே தரைத் தளத்தைக் கணக்கில் சேர்க்காமல் மூன்று. நகர மையத்தில் கூழாங்கல் பதித்த நடைபாதை, ஓரமாக ஓடும் சின்ன வாய்க்கால்கள் எல்லாம் பார்க்க அவ்வளவு அழகு. கைத்தடியோடு நடப்பவருக்கு ஒவ்வொரு அடியும் பயம். போன வாரம் அம்மா ஆசைப்பட்ட காப்பிக்கடைக்கு மூன்று படி, பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. கழிப்பறை நிலவறையில்.

ஒஹாயோவில் அம்மா போக முடியாத கடை என்று ஒன்று எனக்கு நினைவில்லை. 1990இல் இதே ஜூலை 26ஆம் தேதி மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் அதிபர் புஷ் கையெழுத்துப் போட்டார். உணவகம், திரையரங்கு, மருத்துவரின் அறை என்று தனியார் இடங்களையும் அது கட்டுப்படுத்துகிறது. ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குலம் சாய்தளம், கதவுக்கு 32 அங்குல வழி என்று அதன் கீழ் வந்த விதிகள் அளவே சொல்லிவிட்டன. சும்மா கிடைத்த சட்டம் இல்லை அது. அந்த ஆண்டு மார்ச் 12ஆம் தேதி, நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் பலர் சக்கர நாற்காலியை விட்டு இறங்கி, கைகளால் ஊர்ந்து மேலே ஏறினார்கள். குழந்தைகளும் ஏறினார்கள். ஜெர்மனியில் 2002இல் வந்த சட்டம் பெரும்பாலும் அரசு அலுவலகங்களோடு நின்றுவிட்டது. பழைய கட்டடங்களில் சாய்தளம் கட்டுவது கஷ்டம் என்கிறார்கள். கிளீவ்லாந்திலும் நூறு வருடக் கட்டடங்கள் இருக்கின்றன.

இங்கே கடையில் வேலை செய்கிறவரைச் சட்டம் காப்பாற்றுகிறது, அங்கே கடைக்குள் வருகிறவரைக் காப்பாற்றுகிறது. ஏன் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மாலையெல்லாம் தங்கையோடு வாதாடினேன்.

ஜூலை 30, புதன்

நாளை முதல் இந்த மாநிலத்தில் பள்ளிக்குக் கோடை விடுமுறை. தங்கையின் கணவர் மூன்று வாரம் லீவு போட்டிருக்கிறார். அலுவலக மின்னஞ்சலில், திரும்பி வரும் தேதியையும் அதுவரை யாரிடம் கேட்க வேண்டும் என்பதையும் எழுதிவிட்டு லேப்டாப்பை அங்கேயே வைத்துவிட்டு வந்தார்.

ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க வருடத்துக்குக் குறைந்தது நான்கு வாரம் சம்பளத்தோடு விடுப்பு. லீவில் காய்ச்சல் வந்தால், மருத்துவர் சான்று கொடுத்தால் அந்த நாட்கள் லீவுக் கணக்கில் கழியாது. இதை நான் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அமெரிக்காவில் சம்பளத்தோடு ஒரு நாள் விடுப்பைக்கூட மத்திய சட்டம் கட்டாயமாக்கவில்லை. குழந்தை பிறந்தாலும் 1993 சட்டப்படி 12 வாரம், அதுவும் சம்பளமில்லாமல், அதுவும் சின்ன நிறுவனத்தில் இருப்பவருக்குக் கிடையாது. அங்கே சம்பளம் அதிகம், இங்கே வரியும் காப்பீடும் கணிசமாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் என் மகள் பிறந்தபோது, தையல் ஆறும் முன்பே நான் அலுவலகம் திரும்பினேன். அந்த நாட்களை எந்தச் சம்பளத்தாலும் ஈடுகட்ட முடியவில்லை.

எங்களை அழைத்துப்போக என் கணவர் சனிக்கிழமை வருகிறார். ஒரு வாரம்தான் லீவு, அதிலும் தினம் மாலை இரண்டு மீட்டிங்குக்கு ஒப்புக்கொண்டுவிட்டாராம். "எதுக்குக்கா? லீவுதானே?" என்று தங்கையின் கணவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார். இந்த முறை லேப்டாப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச்சொல்லி இப்போதுதான் செய்தி அனுப்பினேன்.