நங்கூரக் கயிறு ஏறும் வழி

போன தடவை எழுதியபோது, நானே கட்டிக்கொண்டிருக்கும் படகின் டெக்குக்கு (மேல்தளம்) பிளைவுட் ஒட்டி முடித்திருந்தேன். பெயின்ட் அடிக்கும் முன் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், துளை போடும் வேலை எதுவானாலும் முடித்துவிட வேண்டும் என்பதால், இந்தக் கோடை முழுக்க நங்கூரச் சமாசாரம்தான்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: படகு 18 அடி. ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட், உள்ளே வேப்பஞ்சட்டம், ஒரு பாய், ஒரு ஜோடி துடுப்பு. ஆளும் சாமானும் ஏறினால் அரை டன்னைத் தாண்டாது. ஓட்டப்போவது பாக் விரிகுடாவில், தொண்டிக்குப் பக்கத்தில். கரையோரம் ஆழம் குறைவு. மணல், சேறு, நடுநடுவே கடற்புல் திட்டு.

நங்கூரத்தைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. அங்கே எல்லாப் படகிலும் கிடப்பது பட்டறையில் கம்பி வளைத்துப் பற்றவைத்த நாலு கொம்பு. பாறையில் அது நன்றாக மாட்டும், மணலில் உழுதுகொண்டே வரும். எனக்கு மணலில் பிடிக்க வேண்டும். அதனால் இரண்டு தட்டு மடங்கும் டான்ஃபோர்த் வகையில் 5 கிலோ ஒன்று. இரண்டாம் உலகப் போரில் கரையேறிய படகுகள் தங்களைத் தாங்களே கடலுக்குள் திரும்ப இழுத்துக்கொள்ளப் பயன்பட்ட வடிவம் இது. எடைக்கு மிஞ்சிய பிடி. புல் திட்டின் மேல் விழுந்தால் மட்டும் வழுக்கும், தட்டுக்குள் புல் அடைத்துக்கொள்ளும். தவிர, ஆவுளியா (கடல்பசு) மேயும் புல்லை நாம் பிடுங்குவானேன்? தெளிந்த தண்ணீரில் வெள்ளைத் திட்டு பார்த்துப் போட்டால் போதும். கலப்பை வடிவ நங்கூரத்தின் மேலும் ஆசை இருந்தது. 1933இல் அதை வடிவமைத்த ஜி. ஐ. டெய்லர், திரவ ஓட்டங்களின் கணிதத்தில் பெரிய பெயர், பாய்ப்படகுப் பைத்தியமும்கூட. ஆனால் அதன் ஆடும் தண்டை என் குட்டி டெக்கில் எங்கே படுக்க வைப்பது?

ஊரில் ஒரு பெரியவர் என் டான்ஃபோர்த்தின் தட்டைப் புரட்டிப் பாரத்துவிட்டுச் சொன்னார்: "சேத்துல இது நல்லாப் புடிக்கும் தம்பி. பார்ல போட்டியன்னா வராது, கயித்த அறுத்துட்டுத்தான் வரணும்." பார் என்று அவர் சொன்னது கடலடிப் பாறையை. அதனால் நாலு கொம்பும் ஒன்று படகில் இருக்கும். அதற்கு அவர் காட்டிய வித்தை: சங்கிலியை மேல் வளையத்தில் பூட்டாமல் கொம்புகளின் அடியில் பூட்டி, மேல் வளையத்தோடு மெல்லிய நூலால் ஒரு கட்டு மட்டும் போடுவது. மாட்டிக்கொண்டால் மேலிருந்து வெட்டி இழுக்க நூல் அறும், கொம்பு தலைகீழாகப் புரண்டு வந்துவிடும். காற்றடிக்கும் இரவில் இந்த நூலை நம்பித் தூங்கக் கூடாது என்பதையும் அவரே சொன்னார்.

கயிறும் சங்கிலியும் காசிமேட்டில். கயிறு அங்கே கிலோ கணக்கு. மலிவாகத் தொங்கும் பி.பி. (பாலிபுரொப்பிலீன்) பிளாஸ்டிக் கயிறு தண்ணீரில் மிதக்கும், வெயிலில் பொடியும், போகிற வருகிற இன்ஜின் படகின் விசிறியில் சுற்றும். மூன்று புரி நைலான் மூழ்கும். இழுத்தால் நீளும், அந்த நீட்சிதான் அலையின் உதறலை வாங்கிக்கொள்கிறது. 10 மி.மீ.யில் 40 மீட்டர் எடுத்தேன். முன்னால் 6 மி.மீ. சங்கிலி 4 மீட்டர், மீட்டருக்கு ஏறக்குறைய 800 கிராம். நங்கூரத் தண்டு தரையோடு படுத்திருக்க அந்த எடை உதவும், கல்லில் உரசுவதும் கயிறாக இருக்காது. கணக்கு இப்படி: தண்ணீர் 3 மீட்டர், அதற்கு மேல் அணியத்தின் உயரம் 60 செ.மீ., மொத்தம் 3.6. அதற்கு ஏழு மடங்கு நீளம் கயிறு விட்டால் 25 மீட்டர். அணிய உயரத்தைச் சேர்க்காமல் கணக்குப் போட்டால் ஆழமில்லாத இடத்தில்தான் அதிகம் அடிவாங்கும்.

இனிமேல்தான் தலைவலி. கயிற்றைப் படகில் எதில் கட்டுவது?

கடையில் பளபளவென்று கொம்பு கிளீட், கயிற்றைச் சுற்றிக் கட்டும் இரட்டைக் கொம்பு உலோகப் பிடி, இருக்கிறது. 10 மி.மீ. கயிற்றுக்கு ஆறரை அங்குல நீளமாவது வேண்டும். அதை 9 மி.மீ. பிளைவுட்டில் திருகினால் நல்ல காற்றில் பலகையோடு கையில் வந்துவிடும். 20 அடிப் படகுக்கு அமெரிக்கப் படகுத் தர அமைப்பின் அட்டவணை சொல்வது: 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) காற்றில் சுமார் 41 கிலோ இழுவை, 30 நாட்டில் 163. காற்று இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்கு. என் படகு கொஞ்சம் சின்னது என்றாலும் இந்த எண்ணையே வைத்துக்கொண்டேன்.

ஆகவே கிளீட் வேண்டாம், முளை. மாடு கட்டும் முளை மாதிரியே: மேலே தெரிவது ஒரு சாண், பலம் முழுக்க உள்ளே இறங்கியிருக்கும் பாகத்தில். 65 மி.மீ. சதுரத் தேக்கு, டெக்கைத் துளைத்து இறங்கி அடிக்கட்டையில் வெட்டிய காடியில் உட்காருகிறது. டெக்குக்கு அடியில் முதல் இரண்டு சட்டங்களையும் தொட்டு நிற்கும் 40 மி.மீ. தேக்குத் துண்டு. இழுவை பிளைவுட்டுக்குப் போகாமல் சட்டத்துக்கும் அடிக்கட்டைக்கும் போக வேண்டும் என்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். முளையின் குறுக்கே 12 மி.மீ. எவர்சில்வர் கம்பி, இரு பக்கமும் நாலு விரல் நீட்டிக்கொண்டு. முனைகளை நான்கைந்து தரம் உப்புத்தாள் போட்டேன். இருட்டில் கை வைக்கும் இடம் அது. முளையின் விளிம்புகளும் நன்றாக உருட்டியாச்சு.

அடுத்து உருளை. கையால் இழுக்கும் நங்கூரத்துக்கு உருளை எதற்கு என்று மாப்பிள்ளை கேட்டான். சேறு அப்பிய சங்கிலியை பெயின்ட் அடித்த விளிம்பின் மேல் ஒருமுறை இழுத்துப் பார்த்தால் கேள்வி வராது. நங்கூரம் தொங்கும்போது முகப்புக் கட்டையில் இடிக்காத அளவுக்கு வெளியே நீட்ட வேண்டும். ரொம்ப நீட்டினால் நெம்புகோலாகிவிடும். அட்டையில் வெட்டி, நங்கூரத்தையே தொங்கவிட்டுப் பார்த்து 14 செ.மீ. என்று முடிவானது. இரண்டு பக்கத் தகடும் 5 மி.மீ. எவர்சில்வர், வெளி விளிம்பு பூ இதழ் போல விரிய வேண்டும் என்று பட்டறையில் விடாமல் சொல்லிச் செய்ய வைத்தேன். படகு இடம் வலம் ஆடும்போது கயிறு அந்த விளிம்பில்தான் தேயும்.

லேத்துக்காரர் நைலான் உருளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "அண்ணே, நைலான் தண்ணி குடிக்கும். ஊறிப்போய் நடுக்கம்பியைக் கவ்விக்கும். எச்.டி.பி.இ. போட்டுருவோம்." உண்மைதான், எச்.டி.பி.இ. பிளாஸ்டிக்கிலேயே கடைந்து வாங்கினேன். நடுவில் கயிற்றுக்கு அகலப் பள்ளம், அதற்குள் சங்கிலிக் கண்ணி செங்குத்தாக ஓட ஒரு குறுகிய வாய்க்கால். மேலே குறுக்கு ஊசி ஒன்று. அலையில் கயிறு துள்ளி வெளியே வராது.

எவர்சில்வர் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. 304, 316 என்று இரண்டு தரம் உண்டு. காந்தத்தை வைத்துக் காட்டி "ஒட்டலை பாருங்க, 316" என்பார்கள். 304இலும் காந்தம் அநேகமாக ஒட்டாது. வித்தியாசம் 316இல் உள்ள 2–3 சதவீத மாலிப்டினம். அதைக் காட்ட ஒரு சொட்டு மருந்து உண்டு, உலோகக் கடைகளிலேயே சிலரிடம் இருக்கும். சங்கிலி கால்வனைஸ் (துத்தநாகம் பூசியது) என்றால், அதை நங்கூரத்தோடு பூட்டும் ஷேக்கிள் வளையமும் கால்வனைஸாகவே இருக்கட்டும். எவர்சில்வர் ஷேக்கிள் போட்டால் அது தொடுகிற கண்ணியின் துத்தநாகம் முதலில் கரையும். ஷேக்கிள் ஊசி கழன்றுவிடாமல் கம்பியால் சுற்றிக் கட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

போல்ட் துளைகள்தான் பொறுமையைச் சோதித்தவை. 8 மி.மீ. போல்ட்டுக்கு முதலில் 12 மி.மீ. துளை, அடியை டேப்பால் அடைத்து, கெட்டியாக்கிய எபாக்சிப் பிசினை ஊற்றி நிரப்பி, இறுகிய பின் நடுவில் 8 மி.மீ. துளை. இப்போது போல்ட் மரத்தையே தொடுவதில்லை. தண்ணீர் கசிந்தாலும் மரம் ஊறாது. ஈர மரத்துக்குள் காற்றுப் படாமல் கிடக்கும் எவர்சில்வர் உள்ளுக்குள்ளேயே அரித்துப்போகும் ஆபத்தும் இல்லை. நம் ஊர் மே மாத வெயிலில் கலக்கிய எபாக்சி கப்பிலேயே சூடேறி இறுகும். விடிகாலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கினேன். துளையின் வாயைச் சற்றுச் சரித்து, தண்ணீர் புகாமல் அடைக்கும் பிசுபிசுப்பான பியூட்டைல் டேப்பை உருட்டி வைத்து முடுக்கினேன். ஒரே நாளில் முழுக்க முடுக்காமல், பிதுங்கப் பிதுங்க அடுத்தடுத்த நாளில் கால் சுற்று. கழற்றவே முடியாத பசைகளை இந்த இடத்தில் யாராவது சிபாரிசு செய்தால் கேட்காதீர்கள். ஒருநாள் கழற்றித்தான் ஆக வேண்டும்.

சோதனையைத் தரையிலேயே வைத்துக்கொண்டேன். படகை டிரெய்லரோடு இறுகக் கட்டி, கயிற்றை உருளை வழியே விட்டு, எதிரே தென்னையில் செயின் பிளாக், நடுவில் தொங்கு தராசு. நேராக 200 கிலோ வரை இழுத்தேன். முளை அசையவில்லை, டெக்கில் ஒரு முனகல் மட்டும். படகைத் திருப்பி 30 டிகிரி சாய்வாக இழுத்தபோது 120 கிலோவிலேயே உருளையின் வெளித்தகடு கண்ணுக்குத் தெரிகிற அளவு வளைந்தது, விட்டதும் திரும்பியது. நங்கூரத்தில் நிற்கும் படகு எப்போதும் ஆடும் என்பதால் இந்தப் பக்க இழுவைதான் நிஜம். இரண்டு தகடுகளையும் முன்னால் இணைக்க ஒரு குழாயும் போல்ட்டும் சேர்த்தேன். மறுபடி இழுத்ததில் அதே கோணத்தில் 180 தாங்கியது.

கயிற்றின் கடைசி முனை உள்ளே ஒரு வளையத்தில், மெல்லிய நூல் கட்டால் நிற்கிறது; அவசரத்துக்குக் கத்தியால் ஒரே வெட்டு. ஐந்து மீட்டருக்கு ஒரு நிற நூல் கோத்தாயிற்று. மீன் கூடை ஒன்றை ஓட்டையோடு அப்படியே கயிற்றுக்கு வைத்திருக்கிறேன், தண்ணீர் வடிய அதைவிட நல்லது கிடைக்கவில்லை. மிச்சம் இருப்பது நங்கூரம் டெக்கில் உருளாமல் படுக்க இரண்டு மரத் தாங்கிகள். அதற்குள் தேக்குத் துண்டு தீர்ந்துவிட்டது. அடுத்த வாரம் மர டிப்போவுக்குப் போகணும்.