வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: ஹவாயின் மரவுரி

ஹவாயின் கப்பாவை அருங்காட்சியகத்தில் பார்ப்பவர்கள் மேலே அச்சிட்ட முக்கோணங்களையும் கோடுகளையும் ரசித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். உண்மையில் மொத்த வேலையில் சுலபமானது அந்த அச்சுதான். அசல் கலை துணிக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பார்க்கத் துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டும்.

கப்பா என்றால் மரவுரி. தறி கிடையாது, நூல் கிடையாது, பட்டையை அடித்து அடித்தே துணியாக்குவார்கள். பெரும்பாலும் 'வௌக்கே' என்ற காகித முசுக்கட்டைச் செடியின் பட்டைதான். ஹவாயில் முதலில் குடியேறிய பசிபிக் தீவு மக்களான பொலினீசியர்கள் படகில் கொண்டுவந்து நட்ட செடி இது. தண்டு இரண்டு மூன்று மீட்டர் வளர்ந்து, ஓர் அங்குலத் தடிமன் வந்ததும் வெட்டிவிடுவார்கள். அதுவரை பக்கக் கிளைக்கான மொட்டுகளைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மொட்டை விட்டுவிட்டால், கிளை விட்ட இடத்தில் பட்டையில் ஓட்டை விழும். துணி விரிய விரிய அந்த ஓட்டையும் விரியும். துணியின் தரம் பாதி தோட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது.

வெட்டிய தண்டில் நீளவாக்கில் கீறிப் பட்டையை உரித்து, பச்சை மேல்தோலைச் சிப்பியால் சுரண்டி எடுத்தால் வெள்ளை உள்பட்டை மிஞ்சும். அதை ஊறவைத்து, கல்லின் மேல் வைத்து, 'ஹோஹோவா' என்ற உருண்டைக் கட்டையால் அடிப்பார்கள். நீண்ட பட்டியாக விரிந்ததும் வெயிலில் உலர்த்துவார்கள். இந்தப் பட்டியை மாதக்கணக்கில் எடுத்துவைக்கலாம்.

டோங்கா, சமோவா தீவுகளிலும் மரவுரி உண்டு. அங்கே மெல்லிய தாள்களை மாவுப்பசையால் ஒட்டிப் பெரிதாக்குவார்கள். ஹவாய் பெண்கள் கண்டுபிடித்த வழியே வேறு. உலர்ந்த பட்டிகளை மறுபடி நனைத்து, வாழையிலையில் பொதிந்து, ஒரு வாரம் பத்து நாள் புளிக்க விட்டார்கள். புளித்த பட்டை வழவழவென்று ஆகிவிடும். இரண்டு பட்டிகளின் ஓரத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அடித்தால் நார்கள் பின்னிக்கொள்ளும். பசையும் வேண்டாம், தையலும் வேண்டாம். புளிப்பு போதாவிட்டால் இணைப்பு தடித்து நிற்கும், காய்ந்ததும் பிரியும். மிஞ்சிவிட்டால் நார் அழுகிக் கூழாகும், துணியும் பழுப்பேறும். எப்போது எடுப்பது என்பதற்கு நாள் கணக்கை நம்ப முடியாது, வாசனையும் விரல் நுனியும்தான் சொல்லும். வெக்கையில் சீக்கிரமே பதம் வந்துவிடும், நம் இட்லி மாவு மாதிரி.

இரண்டாம் அடிக்கு மரப் பலகை, அடிப்பக்கம் குடைந்தது. அதனால் ஒவ்வோர் அடியும் கணீரென்று ஒலிக்கும். கையில் 'இயே கூக்கூ' என்ற சதுரக் கட்டை. அதன் நான்கு முகங்களிலும் வெவ்வேறு செதுக்கல். அகலக் கோடுள்ள முகத்தால் பட்டையை விரிப்பார்கள், நெருக்கக் கோட்டால் சமன்படுத்துவார்கள், கடைசியாக வலைக்கண் போன்ற கோலம் செதுக்கிய முகத்தால் துணி முழுக்கத் தட்டுவார்கள். அந்தக் கோலம் துணிக்குள் பதிந்துவிடும், ரூபாய் நோட்டில் காந்தி தெரிகிறாரே, அப்படி. அடிக்கும்போது துணி ஈரமாகவே இருக்க வேண்டும். ஓரம் காய்ந்தால் அங்கேதான் முதலில் கிழியும்.

அச்சுக்கு 'ஓஹே காப்பலா' என்ற மூங்கில் பட்டை, நுனியில் செதுக்கியது. சுறாப்பல் முக்கோணம் பிரபலம். சிவப்பு காவிமண்ணிலிருந்து, கருப்பு குக்குயி கொட்டையை எரித்த புகைக்கரியிலிருந்து. மஞ்சளுக்கு மஞ்சளேதான், அங்கே 'ஓலெனா' என்பார்கள். பார்க்க அழகு, ஆனால் வெயிலில் வெளுத்துவிடும். நோனி வேர்ப்பட்டையும் மஞ்சள் தரும். அதில் பவளச் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும். நோனி நம் நுணாவின் இனம்தான், ஆரத்தி கரைத்தவர்களுக்கு இந்த நிறமாற்றம் புதிதும் இல்லை.

வௌக்கே, மைக்கோஹா என்பவரின் உடலிலிருந்து முளைத்தது என்பது ஐதீகம். அவர் மகள்களில் லௌஹுக்கி துணி அடிப்பவர்களின் தெய்வம், லாஅஹானா அச்சிடுபவர்களின் தெய்வம். அடிப்பதற்குத் தனித் தெய்வமே இருந்தது என்றால் அந்த வேலைக்கு என்ன மதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். இடுப்புத் துணி, பாவாடை, போர்வை எல்லாம் கப்பாதான். போர்வை பெரும்பாலும் ஐந்து தாள், ஒரு விளிம்பில் மட்டும் தைத்திருக்கும். வண்ண அச்சு மேல்தாளில் மட்டும், கீழ்த்தாள்கள் வெள்ளை. குளிருக்கு ஏற்ப ஒவ்வொன்றாக விலக்கிக்கொள்ளலாம்.

பருத்தித் துணி கப்பலில் வந்திறங்கியபின், 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இந்தக் கைவேலை ஏறக்குறைய மறைந்தே போனது. 1970களில் மீட்க முனைந்தவர்களுக்கு, கூடவே இருந்து சொல்லித்தர ஆள் இல்லை. ஹொனலுலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் இருந்த கட்டைகளையும் பழைய துணிகளையும் வைத்து, செய்து கெடுத்து, மறுபடி செய்து கற்றார்கள். அவர்களில் புவானானி வான் டோர்ப் முக்கியமானவர். மௌவி தீவின் ஹோனோகாஹுவாவில் ஓட்டல் கட்டத் தோண்டியபோது முன்னோர் எலும்புகள் நூற்றுக்கணக்கில் வெளிவந்தன. போராட்டத்துக்குப் பின் அவற்றை மறுபடி அடக்கம் செய்தபோது, சுற்றுவதற்கு அவரும் உடனிருந்த பெண்களும் கப்பா அடித்துக் கொடுத்தார்கள். இந்தக் காலத்தின் மிக முக்கியமான கப்பா மண்ணுக்கடியில் இருக்கிறது. 2011இல் ஹிலோவின் மெரி மோனார்க் விழாவில் ஒரு ஹூலா குழு கப்பா உடுத்தி ஆடியது, அதுவும் இந்த மீட்பின் தொடர்ச்சிதான்.

பசிபிக் தீவுகளின் மரவுரிக்குப் பொதுப்பெயர் 'டாப்பா'. ஹவாய் கடைகளில் அந்தப் பெயரில் மலிவாகத் தொங்குவதில் டோங்கா, ஃபிஜி சரக்கும் உண்டு. அவற்றில் குறையில்லை, ஆனால் அவை கப்பா அல்ல. வெளிச்சத்தில் பிடித்தால் ஒட்டுகளும் தாள் அடுக்குகளும் தெரிகிறதா, துணிக்குள் பதிந்த வரிக்கோலம் தெரிகிறதா என்று பாருங்கள். வாங்கினால் மடிக்காமல் சுருட்டி வையுங்கள். மடித்த இடத்தில் நார் முறியும். துவைக்கக் கூடாது. அடித்து இணைத்தது ஊறினால் தளர்ந்துவிடும்.