பாப்பா கல்யாணத்துக்கு நாங்க அலைஞ்ச அலைச்சல்

என் கல்யாணம் ரெண்டு வருஷம் முன்னாடி 7ஏ-ல நடந்துச்சு, அதாவது இந்து திருமணச் சட்டத்துல சுயமரியாதைக் கல்யாணத்துக்கான பிரிவு. நாலு ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி மாலை மாத்திக்கிட்டோம், அடுத்த வாரமே ரெஜிஸ்டர் பண்ணியாச்சு. அதனால தங்கச்சி பாப்பாவுக்கும் அப்படித்தான், நான் பாக்காத ஆபீஸானு தெனாவெட்டா இருந்தேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

1967-ல அண்ணா ஆட்சியில கொண்டுவந்த அந்த 7ஏ ரெண்டு பேரும் இந்துவா இருந்தாதான் செல்லும். பாப்பா கட்டிக்கப்போற பையன் நாகர்கோவில் கிறிஸ்டியன். மதம் மாற ரெண்டு பேருக்கும் இஷ்டம் இல்ல, அதனால 1954 ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்ல பண்ணலாம்னு முடிவு பண்ணோம். அதுல முதல்ல நோட்டீஸ் குடுக்கணும், 30 நாள் ஆபீஸ் போர்டுல ஒட்டியிருக்கும், ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் அந்த ஏரியாவுல 30 நாளாவது குடியிருந்திருக்கணும். பையன் சென்னையில வாடகை வீடு, அக்ரிமென்ட் இருந்துச்சு, அது பிரச்சனை இல்ல.

பிரச்சனை எங்க வீடுதான். அப்பாவுக்கு சாயங்காலம் ஆனா குடி, அப்புறம் தட்டு பறக்கும். நானும் பாப்பாவும் மொட்டை மாடி தண்ணி டேங்க் பின்னாடி உக்காந்து சத்தம் அடங்குற வரைக்கும் மறுநாள் ஹோம்வொர்க் போட்டு வளந்தவங்க. நான் கல்யாணம் பண்ணி வந்தப்புறம் அவ தனியா மாட்டிக்கிட்டா, ஆறு மாசத்துல அவளையும் ஒரு பையோட என் வீட்டுக்கு கூட்டிட்டு வந்துட்டேன். அந்த பையில பத்தாவது மார்க்‌ஷீட் இல்ல. வயசு ப்ரூஃப்க்கு அதோட ஒரிஜினலைத்தான் கேட்டாங்க, அதுவோ அப்பா பீரோவுல, சாவி அவர் அரணாக்கயித்துல.

அம்மாகிட்ட போன்ல சொன்னேன், "பாத்துக்கலாம்மா"னு வச்சிட்டாங்க. வாழ்க்கை பூரா அவங்க சொன்ன ஒரே வார்த்தை அதுதான், நான் நம்பல. ஒன்பதாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா சென்னை வந்தப்போ ஒரு முறுக்கு டப்பா குடுத்து அனுப்பியிருந்தாங்க, அடியில நியூஸ்பேப்பருக்கு கீழ மார்க்‌ஷீட். எண்ணெய் ஒரு மூலையில மட்டும்தான் பட்டிருந்துச்சு. பாப்பா அதை வச்சிக்கிட்டு எவ்வளவு நேரம் அழுதானு தெரியல, நான் முறுக்கு தின்னுட்டு இருந்தேன்.

இப்போ முக்கியமான விஷயம், காதுல போட்டுக்கோங்க. பாப்பா ஆதார்ல ஊர் அட்ரஸ் அப்படியே இருந்துச்சு. நிரந்தர விலாசம் வேற ஊர்னா நோட்டீஸ் காப்பி அந்த ஊர் ஆபீஸுக்கும் போய் அங்கயும் ஒட்டுவாங்க, சட்டத்துலயே இருக்கு. எனக்கு தெரியாது. எங்க ஊர்ல பத்திரம் எழுதுற ஒருத்தர் அப்பாவோட குடிக்கிற ஆளு, போர்டுல பாத்துட்டு சொல்லிட்டார். வீட்டை விட்டு வந்து தனியா இருக்கிறவங்க முதல் வேலையா ஆதார்ல அட்ரஸ் மாத்துங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

26-வது நாள் அப்பா சென்னை ஆபீஸுக்கே வந்து ஆட்சேபணைனு எழுதி கையெழுத்தும் போட்டுட்டார். காரணம்: "எனக்கு சம்மதம் இல்லை." அவ்வளவுதான். கவுன்டர்ல இருந்த கிளார்க் எங்களைப் பாத்து, "ஏம்மா, பெத்தவரை இப்படி அலைய விடலாமா, கூட்டிட்டு போய் சமாதானம் பேசிட்டு வாங்க"ங்கிறார். சமாதானமா! எனக்கு வந்த கோவத்துல வாய் குழறிடுச்சு. பாப்பாதான் நிதானமா, "சார், எனக்கு 24 வயசு. ஆட்சேபணை செல்லணும்னா ஏற்கனவே கல்யாணம் ஆகியிருக்கணும், வயசு பத்தாம இருக்கணும், புத்தி சரியில்லாம இருக்கணும், நெருங்கின சொந்தமா இருக்கணும், இதுல எது சார்?"னு கேட்டா. வக்கீல் சொல்லிக் குடுத்ததை ராத்திரி பூரா மனப்பாடம் பண்ணியிருக்கா, கழுதை, எனக்கே சொல்லல.

ஆனாலும் ஆட்சேபணைனு வந்துட்டா விசாரிச்சு முடிவு எழுதணுமாம், அதுக்கு தனியா 30 நாள் வரைக்கும் டைம் இருக்கு. நோட்டீஸ் குடுத்து மூணு மாசத்துக்குள்ள கல்யாணம் நடக்கலன்னா மறுபடி முதல்ல இருந்து. நான் காலண்டர்ல கட்டம் போட்டு அடிச்சிட்டே இருந்தேன். 19 நாள் கழிச்சு தள்ளுபடினு சொன்னாங்க, நடுவுல மூணு தடவை வெறும் கையோட திரும்பியிருக்கோம், ஒரு தடவை ஆபீசர் லீவுனு வாசல்லயே.

கல்யாணத்தன்னிக்கு சாட்சி மூணு பேர் வேணும். நான், என் வீட்டுக்காரர், பையனோட ஃப்ரெண்ட். அந்த புண்ணியவான் ஆதார் ஒரிஜினலை பைக் சீட்டுக்கு அடியில வச்சிட்டு பஸ்ல வந்திருக்கான். கடைசியில பையனோட அம்மா கையெழுத்து போட்டாங்க, அவங்க பாப்பாவுக்கு மல்லிப்பூவும் வாங்கிட்டு வந்திருந்தாங்க. எங்க பக்கம் யாரும் பூ வாங்கணும்னு யோசிக்கவே இல்ல.

சர்டிபிகேட் வந்துடுச்சு. அப்பா பேர்ல ஒரு எழுத்து தப்பு. "விடுக்கா, அந்தாளு பேரு எப்படி இருந்தா என்ன"னு பாப்பா சிரிக்கிறா. பாஸ்போர்ட்டுக்கு இடிக்கும்டி. திருத்த மனு குடுக்க அடுத்த செவ்வாய்க்கு பர்மிஷன் போட்டிருக்கேன், அதே கவுன்டர், அதே கிளார்க்.