கெண்டைக்கால் துடிப்பும் அதைக் கண்காணிக்கும் வேலையும்

பதற்றத்தால் வரும் சதைத் துடிப்பை மனப்பிரமை என்று தள்ளிவிடுபவர்களிடம் நான் வாதாடுவதில்லை. கெண்டைக்காலை நீட்டிக் காட்டிவிடுவேன். தோலுக்கு அடியில் சதை துள்ளுவது அவர்கள் கண்ணுக்கும் தெரியும். மதுரை மாசி வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். தீபாவளி நெருக்கத்திலும் மார்ச் மாதக் கணக்கு முடிப்பிலும் கண்ணிமை, கட்டைவிரல் அடிச்சதை, உள்ளங்கால், கெண்டைக்கால் என்று துடிப்பு இடம் மாறிக்கொண்டே இருக்கும். நடமாடும்போது தெரியாது, இரவில் காலை நீட்டிப் படுத்ததும் தொடங்கிவிடும்.

இதற்கு உடலில் காரணம் இருக்கிறது. அஞ்சும்போது சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன; இதயம் வேகமெடுக்கிறது, தசைகள் இறுகுகின்றன, தசைகளை இயக்கும் நரம்புகள் சிறு தூண்டலுக்கும் கிளர்ந்துவிடும் நிலைக்கு வருகின்றன. கூடவே நாம் அறியாமலே மூச்சை வேகவேகமாக வாங்குவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, இரத்தத்தின் காரத்தன்மை கூடி, அதில் கட்டுறாமல் இருக்கும் கால்சியத்தின் அளவு இறங்கிவிடுகிறது. உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மரத்துப்போவது அதனால்தான். தூக்கக் குறைவும் தேநீரும் காப்பியும் துடிப்பை மேலும் தூண்டுகின்றன. நள்ளிரவிலும் சூடாகத் தேநீர் கிடைக்கும் தூங்கா நகரத்தில் பிறந்தவனுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்?

துடிப்பைவிட அது கிளப்பும் சந்தேகம்தான் கொடியது. கைப்பேசியில் தேடினால் முதலில் வந்து நிற்பது ஸ்டீபன் ஹாக்கிங்கைப் பீடித்த இயக்க நரம்பணு நோய். அந்த நோயில் துடிப்போடு கைகால் பலம் குறையும், சதை கரையும். பலம் குறையாமல், நரம்பியல் பரிசோதனையிலும் குறை தென்படாமல், துடிப்பு மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் தீங்கற்றது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையினர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய தீங்கற்ற துடிப்பு உடைய 121 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் ஒருவருக்குக்கூட அந்த நோய் வரவில்லை. இந்த எண் எனக்கு மனப்பாடம். ஆனாலும் பயம் போகவில்லை, ஏனென்றால் அது தகவல் கேட்டு வருவதில்லை. கடையிலிருக்கும் இஞ்ச் டேப்பால் இரண்டு கெண்டைக்கால்களையும் அளந்து பார்க்கச் சொல்லும். ஒற்றைக்காலில் நுனிவிரலை ஊன்றி எழும்பச் சொல்லும். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு மணி நேரம் அடங்கியிருந்துவிட்டு மறுபடியும் அளக்கச் சொல்லும். அழுத்திப் பார்த்த சதை இன்னும் துடிக்கும், களைத்த கால் நடுங்கும், அதுவே அடுத்த சந்தேகத்துக்குச் சாட்சியாகிவிடும்.

ஊரில் இதற்கு வேறு விளக்கங்கள் உண்டு. ஆணுக்கு வலக்கண் துடித்தால் நல்லது என்பார்கள். எனக்கு இரண்டும் துடிக்கும் என்பதால் பலன் சொல்ல வந்தவர்கள் திணறிப்போனார்கள். அம்மா ஒரே பார்வையில், "இது பயந்த கோளாறுடா தம்பி, கோரிப்பாளையம் தர்காவுல ஓதிட்டு வருவோம்" என்றார். சுவர்களிலோ நரம்புத் தளர்ச்சிக்கு ஒரே மாதத்தில் தீர்வு என்ற விளம்பரங்கள். இவற்றில் அம்மாவின் கணிப்பே உண்மைக்கு அருகில் இருந்தது என்று நினைக்கிறேன். சுவர் விளம்பரம் நரம்பு கெட்டுவிட்டதாகச் சொல்லி இருக்கும் பயத்தைப் பெருக்குகிறது. அம்மா பயத்தைத்தான் நோய் என்றார்.

நரம்பியல் மருத்துவர் முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டி, குதிகாலாலும் நுனிக்காலாலும் நடக்கச் சொல்லிப் பார்த்தார். தைராய்டு, கால்சியம், மக்னீசியம் அளவுகளைச் சோதிக்கச் செய்துவிட்டு மனநல மருத்துவரிடம் அனுப்பினார். அங்கே கிடைத்த மாத்திரை முழுப் பலன் தரச் சில வாரங்கள் ஆகும் என்பதையும், முதல் நாட்களில் படபடப்பு சற்றுக் கூடலாம் என்பதையும், நாமாக நிறுத்தக் கூடாது என்பதையும் முன்கூட்டியே சொன்னார்கள். அது பெரிய உதவி. ஆனால் கடினமான சிகிச்சை பேச்சு வழியாக வந்தது: துடிக்கும்போது தொடாதே, அளக்காதே, தேடாதே, பார்க்கத் தோன்றினால் அரை மணி நேரம் தள்ளிப்போடு. அழும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே பேரேட்டில் பதிவு போடுவதைப் போன்ற காரியம் இது. மூச்சை மெதுவாக, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கும்படி விடவும் பழகினேன். காலையில் வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறேன். அங்கே யாரும் யாருடைய கெண்டைக்காலையும் பார்ப்பதில்லை.

துடிப்பு இன்றும் வருகிறது. இடையில் ஒரு முழு மாலை அதை மறந்திருக்கவும் முடிகிறது.

செருப்பு காலிலிருந்து நழுவுவது, சட்டைப் பொத்தான் போட முடியாமல் போவது, பேச்சு குழறுவது, விழுங்கச் சிரமப்படுவது, சதை மெலிவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் பதற்றம்தான் என்று நாமே முடிவு கட்டாமல் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பதற்றம்தான் என்று தெரிந்தபின் தயங்குபவர்கள், அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். நேரில் போகக் கூச்சம் இருந்தால், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.