காலையில் ஆபரேஷன், மத்தியானம் வீட்டில்

கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் யாரைக் கேட்டாலும் "ஒண்ணுமே இல்லை சார், பத்து நிமிஷம்" என்பார்கள். பத்து நிமிடம் உண்மைதான், ஆனால் அது டாக்டருடைய கணக்கு. நம் கணக்கு டெஸ்டில் தொடங்கி, கடைசிச் சொட்டு மருந்து தீரும்வரை ஓடுகிறது. அந்த மிச்சத்தைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எனக்கு வலது கண். இரவில் எதிரே வரும் பஸ் விளக்கு சிதறிப்போய் ரோடே தெரியாது. பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷனுக்கு ஸ்கூட்டரில் போவதையே நிறுத்திவிட்டேன். "நல்லாப் பழுக்கட்டும் மச்சான், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் மைத்துனர். அது அந்தக் காலத்து யோசனை. இப்போது அல்ட்ராசவுண்டு ஊசியால் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள். புரை முற்றிக் கெட்டியாகிவிட்டால் உடைக்க அதிக சக்தி வேண்டும், அது கருவிழிக்கு நல்லதில்லை. அன்றாட வேலைக்குத் தடையாக இருந்தாலே செய்துவிடலாம் என்றார் டாக்டர்.

டெஸ்ட்டுகளில் சுகர், பிபி, இசிஜி எல்லாம் தெரிந்த விஷயம். தெரியாதது ஒன்று இருந்தது. கண் ஓரத்தில் இமையில் இருக்கும் கண்ணீர்த் துளை வழியாக, மழுங்கிய ஊசியால் உப்புத் தண்ணீரைச் செலுத்தி, "தொண்டைக்கு வருதா ஐயா?" என்று கேட்கிறார்கள். கரித்துக்கொண்டு வந்தது. வந்தால் பாதை அடைப்பில்லை, கிருமி தங்காது என்று அர்த்தமாம். ஆபரேஷனைவிட இதுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஜூனியர் டாக்டர் மாத்திரைப் பட்டியலைக் கேட்டபோது, பிராஸ்டேட்டுக்கு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டார். கண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். பிராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபரேஷன் நடுவே கண்பாப்பா சுருங்கி, சுற்றியுள்ள திரை தொளதொளவென்று ஆடுமாம். முன்கூட்டியே தெரிந்தால் அதற்குத் தயாராகச் செய்வார்கள். மாத்திரையை நிறுத்திப் பல மாதம் ஆகியிருந்தாலும் சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது லென்ஸ் மேஜை. புரையை எடுத்த இடத்தில் வைக்கும் செயற்கை லென்ஸை இங்கேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். அட்டையில் விலை ஏறிக்கொண்டே போகிறது: ஒரே தூரத்துக்கான சாதாரண மோனோஃபோகல், கருவிழி வளைவின் குறையையும் சரிசெய்யும் டோரிக், கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்து மல்டிஃபோகல். கவுன்சலிங் செய்த பெண் மல்டிஃபோகலையே திரும்பத் திரும்பச் சொன்னார். கண்ணாடியே வேண்டாம் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் அதில் சிலருக்கு இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும் என்பதை நாமாகக் கேட்டால்தான் சொல்கிறார்கள். என் தொல்லையே இரவு விளக்குதான். மோனோஃபோகல் போதும், படிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். என் அம்மாவுக்குச் செய்தபோது லென்ஸே வைக்கவில்லை. நாள்கணக்கில் அசையாமல் படுக்கவைத்து, சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்பினார்கள். லண்டனில் ஹரால்ட் ரிட்லி என்ற கண் டாக்டர் 1949-லேயே கண்ணுக்குள் லென்ஸ் வைத்துவிட்டார். ஆனாலும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப் 1992-ல் இங்கேயே செய்யத் தொடங்கி விலை இறங்கிய பிறகுதான் அது நம்மைப் போன்றவர்களுக்கு எட்டியது.

ஆபரேஷன் அன்று காலையில் இட்லி சாப்பிடலாம், பிபி மாத்திரையும் போடலாம் என்றார்கள். சொட்டு மருந்திலேயே மரத்துப்போக வைப்பதால் பட்டினி வேண்டாமாம். பட்டன் வைத்த சட்டை போட்டுப் போனது நல்லதாயிற்று, தலைவழியே கழற்றும் பனியன் துணி உதவாது. கண்பாப்பா விரிய சொட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சொட்டு. ஒவ்வொரு முறையும் "எந்தக் கண்ணு ஐயா?" என்று கேள்வி. நெற்றியில் வலது பக்கம் பெரிதாகக் குறி போட்ட பிறகும் கேட்டார்கள். "அதான் எழுதியிருக்கே சிஸ்டர்" என்றேன். "நீங்க வாயால சொல்லணும்" என்றார். சரியான பதில்தான்.

டேபிளில் படுத்ததும் முகத்தை மூடித் துணி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை. இமையை ஒரு கிளிப் பிடித்துக்கொள்வதால் சிமிட்டிவிடுவோமோ என்ற பயமே தேவையில்லை. கத்தி வருவது தெரியுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். தெரியாது. மைக்ராஸ்கோப் வெளிச்சம் மட்டும் தெரியும். அப்புறம் அந்த வெளிச்சம் கலங்கி நீலம், இளஞ்சிவப்பு என்று நகரும். கன்னத்தில் தண்ணீர் வழியும். மெஷினின் சத்தம் ஏறி இறங்கும். இருமல் வந்தால் முன்பே சொல்லுங்கள், தலையை மட்டும் ஆட்டாதீர்கள் என்றார் டாக்டர். "லென்ஸ் வைக்கிறேன்" என்றபோது ஒரு அழுத்தம், வலி என்று சொல்ல முடியாது. மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான வெட்டு என்பதால் தையல் இல்லை. மடித்த லென்ஸ் அதன் வழியாகப் போய் உள்ளே விரிந்துகொள்கிறது.

டீ, பிஸ்கட், கறுப்புக் கண்ணாடி, ஒரு அட்டை. மத்தியானச் சாப்பாடு வீட்டில்தான். வார்டில் நர்ஸ் பார்க்க வேண்டிய வேலை முழுவதும் இப்போது என் மனைவியின் தலையில் வந்து விழுந்தது. ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள், வீட்டில் ஆள் இல்லாதவர் என்ன செய்வார் என்று யாரும் கேட்கவில்லை.

எனக்குக் கொடுத்த அட்டைப்படி முதல் வாரம் தினம் ஆறு வேளை சொட்டு, அடுத்த வாரம் ஐந்து, பிறகு நான்கு என்று வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்து ஆறு வாரம். திடீரென்று நிறுத்தக் கூடாது. சொட்டு மருந்து இரண்டு வகை, ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவே ஐந்து நிமிட இடைவெளி. கையைக் கழுவி, கீழிமையை இழுத்து, பாட்டில் முனை இமையில் படாமல் ஒரு சொட்டு. மூக்கோர மூலையை விரலால் அழுத்திக்கொண்டால் தொண்டைக்குக் கசப்பு இறங்காது. "மேலே பாருங்க, மேலேன்னா ஃபேனை" என்பார் மனைவி. தூங்கும்போது கண்ணுக்குப் பிளாஸ்டிக் மூடி. தலைக்குக் குளிக்க முடியாததுதான் பெரிய கஷ்டம். சித்திரை வெயிலில் கழுத்துக்குக் கீழே மட்டும் குளித்துப் பாருங்கள்.

மறுநாள் செக்கப்பில் பார்வை நன்றாக இருந்தது. வீட்டுச் சுவர் வெள்ளை என்பது வலது கண்ணுக்குத் தெரிகிறது, இடது கண்ணுக்கு அது பழைய மஞ்சள்தான். லேசான உறுத்தல் இருக்கும். ஆனால் வலி கூடினாலோ, சிவந்தாலோ, தெரிந்தது மங்கினாலோ காலை வரை காத்திருக்காமல் வரச் சொல்லி அட்டையிலேயே சிவப்பில் அச்சடித்திருந்தது.

கடைசியாகப் பண விஷயம். 24 மணி நேரம் படுத்தால்தான் இன்சூரன்ஸ் என்பது கண்புரைக்குப் பொருந்தாது, இது டே கேர், அதாவது அன்றே வீடு திரும்பும் சிகிச்சைகளின் பட்டியலில் வருகிறது. ஆனால் காத்திருப்புக் காலமும் உச்சவரம்பும் உண்டு. என்னுடையது ஆரோக்ய சஞ்சீவனி என்ற மருத்துவ பாலிசி: எடுத்து இரண்டு வருடம் கழித்துத்தான் கண்புரைக்குக் கிடைக்கும். அதுவும் ஒரு கண்ணுக்குக் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது 40,000 ரூபாய், எது குறைவோ அது. டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள் வரை வாங்கும் மருந்துக்கும் கேட்கலாம், அந்த வரம்புக்குள் இடமிருந்தால். சொட்டு மருந்து பில்களோடு டாக்டர் சீட்டின் நகலையும் சேர்த்து வையுங்கள். சீட்டு இல்லாத ஒரு பில்லை எனக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.