மோல்மேன் பக்கத்து ரோட்டுல எந்த ஸ்பீடு சேஃப்?

நம்ம பர்மாவுல, ரங்கூன் நகரத்துக்குள்ள பெரும்பாலான டவுன்ஷிப்ல 2003ல இருந்து பைக்குக்கு தடை இருக்கறதால அங்க வளர்ற நம்ம பசங்களுக்கு பைக் பழகற வாய்ப்பே கிடைக்கறதில்ல, ஆனா மோல்மேன், தட்டோன், பெகு பக்கமெல்லாம் சந்தைக்குப் போறதுல இருந்து கோயிலுக்குப் போற வரைக்கும் பைக்தான். என் அக்கா மகன் வேலை கிடைச்சு இங்க வந்துட்டான். வந்த உடனே ஒரு 125 வாங்கிட்டு என்கிட்ட கேட்ட முதல் கேள்வி, "மாமா, எவ்வளவு ஸ்பீடுல போனா சேஃப்?" நல்ல கேள்வி. நிறைய பேர் இதைக் கேக்காமலே ஓட்டிட்டு இருக்காங்க, அதான் அவனுக்குச் சொன்னதை இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன்.

ஒரே நம்பரா சொல்ல முடியாது. உன் கண்ணுக்கு ரோடு எவ்வளவு தூரம் காலியா தெரியுதோ அந்த தூரத்துக்குள்ள, உன் லேன் விட்டு வெளிய போகாம, உன்னால நிறுத்த முடியணும். அதுதான் அந்த நிமிஷத்துக்கு சேஃப் ஸ்பீடு, அடுத்த வளைவுல அது மாறிடும், மழை விழுந்தா மாறிடும், பின்னாடி ஒருத்தர் ஏறி உக்காந்தா மாறிடும். அப்போ ரெண்டு விஷயம் தெரிஞ்சிருக்கணும்: என்னால எவ்வளவு தூரத்துல நிறுத்த முடியும், எனக்கு எவ்வளவு தூரம் தெரியுது.

முதல்ல நிறுத்தற கணக்கு. மணிக்கு 60ல போனா ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுது. முன்னால ஒரு நாய் குறுக்க வருதுன்னு கண்ணு பார்த்து, மூளை முடிவு பண்ணி, கை பிரேக்க பிடிக்கவே நல்லா கவனமா இருக்கறவனுக்கும் சுமார் ஒரு செகண்டு ஆகும், அதுக்குள்ள 17 மீட்டர் போச்சு, பிரேக் பிடிக்கவே ஆரம்பிக்கல. காஞ்ச தார் ரோட்டுல நல்லா பழகினவன் அதுக்கப்புறம் 23 மீட்டர்ல நிறுத்துவான், ஆக மொத்தம் 40 மீட்டர். அதே ஆள் 80ல வந்தா மொத்தம் 63 மீட்டர் வேணும். இதுல நான் அவனுக்கு திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம் ஒண்ணு இருக்கு, 60ல வந்தவன் முழுசா நின்னுட்ட அதே இடத்துல, 80ல வந்தவன் பிரேக்க பிடிச்சுகிட்டே இன்னும் 60ல போயிட்டு இருப்பான். இருபது கிலோமீட்டர்தானே கூடன்னு நினைக்கறோம், அந்த இருபதுக்கு விலை அவ்வளவு. ஸ்பீடு ரெண்டு மடங்கானா பிரேக் பிடிக்கற தூரம் நாலு மடங்காகும், கணக்கு அப்படித்தான் வேலை செய்யுது.

ஆனா இந்த 23 மீட்டர்ங்கறது முன் பிரேக்க சரியா பிடிக்கத் தெரிஞ்சவனுக்கு. நம்ம ஆளுங்க பாதி பேர் முன் பிரேக்கத் தொடவே மாட்டாங்க, தொட்டா குப்புற விழுந்துருவோம்னு பயம், கால் பிரேக் மட்டும்தான். அமெரிக்காவுல ஹாரி ஹர்ட்னு ஒரு பேராசிரியர் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் நடந்த சுமார் 900 பைக் விபத்துகளை நேர்ல போய் ஆராய்ஞ்சு 1981ல அறிக்கை கொடுத்தார், அதுலயும் இதே கதைதான், ஆபத்து வந்தப்போ பின் பிரேக்க அளவுக்கு மீறி மிதிச்சு வழுக்கியிருக்காங்க, முன் பிரேக்க சரியா பயன்படுத்தல. இன்னொண்ணும் அதுல இருக்கு, பாதி விபத்துகள்ல ஆபத்து வர்றதுக்கு முன்னாடி பைக் போன ஸ்பீடு 48க்கும் கீழ. அதனால பேய் மாதிரி ஓட்டறவன்தான் விழுவான்னு யாரும் தைரியமா இருக்க வேண்டாம்.

பிரேக் பிடிச்சா எடை எல்லாம் முன் சக்கரத்து மேல போய் உக்காரும், பின் சக்கரம் லேசாயிடும், அதனாலதான் நிறுத்தற சக்தியில பெரும்பகுதி முன்னால இருக்கு. வெடுக்குனு பிடிக்கக்கூடாது, மெதுவா ஆரம்பிச்சு எடை முன்னால வந்ததும் இறுக்கணும், எலுமிச்சம்பழம் பிழியற மாதிரி. இத பழக ரப்பர் தோட்டத்துப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத நேரான தார் ரோடு போதும். ஓரத்துல ஒரு செங்கல்ல வெச்சுக்க, 20ல வந்து செங்கல்லைத் தாண்டும்போது பிரேக் பிடி, நின்ன இடத்துல இருந்து திரும்ப நடந்து எத்தனை அடின்னு எண்ணு. கை பழகினதும் 30, அப்புறம் 40. முதல்ல எவ்வளவு தூரம் எடுத்தாலும் பரவால்ல, அது உன்னோட உண்மையான தூரம், ரோட்டுல அதை வெச்சுதான் நீ ஸ்பீடு முடிவு பண்ணணும். வேறொருத்தன் தூரம் உனக்கு உதவாது.

இங்க நிறைய பேர்கிட்ட இருக்கறது கிளட்ச் லீவர் இல்லாத ஹோண்டா வேவ் மாதிரி பைக். அதுல கியர் பெடல மிதிச்சு பிடிச்சுகிட்டே இருந்தா கிளட்ச் விட்டே இருக்கும், இஞ்சின் பிடிப்பு கிடைக்காது, இறக்கத்துல வண்டி சும்மா உருண்டுட்டே போகும். மிதிச்சதும் காலை மெதுவா விட்டுடணும். இடது கைக்கு வேலை இல்லன்னு அதுல போன் பிடிக்கறவங்களப் பாத்தா எனக்கு வயிறு எரியுது.

அடுத்து, நம்ம பசங்க யூடியூப்ல தமிழ்நாட்டு வீடியோ பாத்து ஓட்டப் பழகறாங்க, நல்ல வீடியோக்கள்தான், ஆனா அங்க இடது பக்கம் போறாங்க, இங்க 1970ல இருந்து வலது பக்கம். அவங்க சொல்ற இடது வலதையெல்லாம் அப்படியே மாத்திப் போட்டு புரிஞ்சுக்கணும். இங்க ஆபத்தான திருப்பம் இடது பக்கத் திருப்பம், எதிர்ல வர்ற வண்டிகளைக் குறுக்க கடந்து போகணும்.

அதுக்கு மேல நம்ம நாட்டுக்குன்னே ஒரு சிக்கல், ரோடு வலது பக்கம், ஆனா ஜப்பான்ல இருந்து வந்த கார், வேன் நிறையதுல ஸ்டீயரிங்கும் வலது பக்கம். டிரைவர் ரோட்டு ஓரத்துல உக்காந்திருக்கார். முன்னாடி போற லாரிய ஓவர்டேக் பண்ணலாமான்னு பாக்கவே அவர் வண்டிய பாதி அளவுக்கு நம்ம லேனுக்குள்ள நீட்டணும். அதனால எதிர்ல ஒரு லாரி, அதுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு ஒரு வேன் வந்தா, அந்த வேன் வெளிய வரும்னே வெச்சுக்கணும், அது வர்றதுக்கு முன்னாடியே ஆக்ஸிலேட்டர விட்டு லேனோட வலது பக்கம் ஒதுங்கணும். நாம அந்த மாதிரி வண்டிய ஓவர்டேக் பண்ணும்போதும் டிரைவர் நமக்கு அந்தப் பக்கத்துல இருக்கார், கண்ணாடில அவர் முகம் தெரியலன்னா அவருக்கு நாமளும் தெரியல. ஒரு ஹாரன் அடிச்சு, ஒரு செகண்டு பொறுத்து, சட்டுனு தாண்டிடணும், பக்கத்துலயே ஒட்டிட்டு போகக்கூடாது. ஜன்னல் வழியா வெத்தல எச்சில் வேற வரும், அதுக்காகவும் பக்கத்துல இருக்காத.

வளைவுக்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடிச்ச பாடம் இதுதான். வளைவுல தூரத்துல ரோட்டோட ரெண்டு ஓரமும் ஒண்ணா சேர்ற மாதிரி ஒரு இடம் தெரியும், அந்த இடத்த பாத்துகிட்டே போ. அது உன்னை நோக்கி கிட்ட வந்துட்டே இருந்தா நீ போற ஸ்பீடு கூட, குறை. அது அதே தூரத்துல நின்னா ஸ்பீடு சரி. அது விலகி தூரப் போக ஆரம்பிச்சா வளைவு விரியுது, மெல்ல ஆக்ஸிலேட்டர் கொடுக்கலாம். பிரேக் பிடிக்கறதெல்லாம் வண்டி நேரா இருக்கும்போதே முடிச்சிடணும். உள்ள போனப்புறம் வளைவு எதிர்பார்த்ததவிட இறுகினா பயந்துபோய் ஓரத்து மரத்தயே பாத்துட்டு இருந்தா வண்டி அங்கதான் போகும், கண்ணு போற இடத்துக்குதான் பைக் போகும். போக வேண்டிய பக்கம் தலையத் திருப்பி, அந்தப் பக்க ஹேண்டில்பாரை முன்னால லேசா தள்ளு. வலது பக்கம் திரும்ப வலது கைப்பிடியத் தள்ளணும். கேக்க தலைகீழா இருக்கும், 30ல நேர் ரோட்டுல லேசா செஞ்சு பாரு, வண்டி தானா சாயும்.

இடது வளைவுல இன்னொரு விஷயம், டயர் நம்ம லேன்ல நடுக்கோட்டுக்கு ஒட்டி இருந்தா வண்டி சாஞ்சதும் நம்ம தலை எதிர் லேன்ல இருக்கும். லாரி வந்தா யோசிச்சுப் பாருங்க. லேனோட வலது பாதில போகணும், அங்கிருந்து வளைவும் நல்லா தெரியும்.

ராத்திரி. டிம் லைட்ல நம்ம சின்ன பைக்குங்களுக்கு சுமார் 40 மீட்டர்தான் உருப்படியா தெரியும். மேல சொன்ன கணக்க ஞாபகம் வெச்சுக்கங்க, 60க்கு 40 மீட்டர், அதுவும் காஞ்ச ரோட்டுல, நல்லா பழகினவனுக்கு. அப்போ ராத்திரி 50க்கு மேல போறது கண்ண மூடிட்டு போறதுதான். பின் லைட்டே இல்லாத தோலாஜி, அதான் டிராக்டர் மாதிரி இஞ்சின் வெச்ச பார வண்டி, நெல் மூட்டையோட நடு ரோட்டுல போயிட்டு இருக்கும், மாட்டு வண்டி போகும். எதிர் வண்டி ஹை பீம் அடிச்சா அதைப் பாக்காம ரோட்டோட வலது ஓரத்தைப் பாத்து ஸ்பீட குறைச்சிடணும்.

மழை பத்தி நம்ம மொன் மாநிலத்துக்காரங்களுக்கு நான் என்ன சொல்ல, மே கடைசியில ஆரம்பிச்சா அக்டோபர் வரை விடாது. பல நாள் வெயிலுக்கப்புறம் விழற முதல் மழையோட முதல் பத்து பதினஞ்சு நிமிஷம்தான் ரொம்ப மோசம், ரோட்டுல படிஞ்ச எண்ணெயும் தூசியும் மிதக்கும், ஒரு டீக்கடையில ஒதுங்கி நின்னுட்டு அப்புறம் போங்க. ரயில் தண்டவாளம், பாலத்துல இருக்கற இரும்பு இணைப்பு, வெள்ளைக் கோடு எல்லாம் நனைஞ்சா சோப்புதான், நேரா, சாயாம, பிரேக் தொடாம தாண்டணும். முன்னாடி போற வண்டிக்கு காஞ்ச ரோட்டுல ரெண்டு செகண்டு இடைவெளின்னா மழைல நாலு. அந்த வண்டி ஒரு மரத்தைத் தாண்டும்போது எண்ண ஆரம்பிச்சு நீங்க அந்த மரத்துக்கு வர்ற வரைக்கும் எண்ணிப் பாருங்க, மீட்டர் வேலை செய்யாத பைக்லயும் இது வேலை செய்யும்.

தண்ணி திருவிழா சமயத்துல, ஏப்ரல்ல, பக்கெட் தண்ணிய மூஞ்சில அடிப்பாங்க. கூட்டம் தெரிஞ்சா நடக்கற ஸ்பீடுக்கு வந்துருங்க, முடிஞ்சா அந்தப் பகல்ல பைக்க எடுக்காதீங்க. லுங்கி கட்டிட்டு ஓட்டறவங்க நல்லா இறுக்கி மடிச்சு சீட்டுக்கு அடியில சொருகிக்கங்க, பின்னாடி ஒருபக்கமா உக்காரற அம்மா, அக்காங்களோட தாமெய்னும் (பொம்பளைங்க கட்டற லுங்கி) துண்டும் செயின்ல மாட்டாம நீங்கதான் பாக்கணும். ஹெல்மெட் அவங்களுக்கும் வேணும், கோயிலுக்குப் போற ரெண்டு தெரு தூரம்னாலும், பூ கசங்கும்னாலும்.

ஆள் ஏறினா நிறுத்தற தூரமும் மாறும், ஒரு வாட்டி அவங்களையும் உக்கார வெச்சு அந்த செங்கல் ரோட்டுல 30ல நிறுத்திப் பாருங்க. பின்னாடி எடை கூடினா ஹெட்லைட் மேல தூக்கி மரத்தைதான் காட்டும். பெரும்பாலான பைக்ல லைட்டுக்கு அடியில ஒரு ஸ்க்ரூ இருக்கும், வீட்டு சுவத்துக்கு முன்னாடி நிறுத்தி, ஆள உக்கார வெச்சு, அதைக் கொஞ்சம் இறக்கி வெச்சுக்கங்க.