தே தாரிக்கை விட்ட பிறகு

இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, என்று தெரிந்து 4 வருடம் ஆகிறது. அதற்கு முன் கோலாலம்பூர் செந்தூலில் வீட்டுப் பக்கத்து ஒட்டுக்கடையில் தினமும் பசியாறுவேன், ரொட்டி சானாய் இரண்டு, தே தாரிக் என்ற இழுத்து ஆற்றிய பால் தேநீர் ஒன்று. அந்தத் தேநீரின் அடியில் கெட்டியாக நிற்கும் டின் பாலை நான் ஒரு நாளும் கணக்கில் எடுத்ததில்லை.

சர்க்கரையைக் குறைக்க மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தார்கள். முதல் வாரமே வயிறு கலக்கியது, யாரிடமும் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டேன், அது என் தவறு. அப்புறம் மருந்து கொடுக்கும் பெண்தான், "அங்கிள், வெறும் வயித்துலயா போடுறீங்க?" என்று கேட்டார். சாப்பாட்டோடு போடத் தொடங்கியதும் சில நாளில் சரியாகிவிட்டது. ராத்திரி ஒன்றும் சாப்பிடாமலே காலையில் சர்க்கரை அளவு ஏன் ஏறுகிறது என்றும் அவரே விளக்கினார்: கல்லீரல் தானாகவே ரத்தத்தில் சர்க்கரையை விடுகிறது, மெட்ஃபார்மின் அதைத்தான் குறைக்கிறது.

சாப்பாட்டில் இங்கே சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரோ'தான் (மலாயில் கால், கால், பாதி) எனக்குப் பிடிபட்டது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ, பாதி காய்கறி. வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் இது கஷ்டம், கேட்காமலே இரண்டாவது தடவை சோறு வைத்துவிடுவார்கள், கையை இலைக்கு மேலே பிடித்தபடி உட்காருகிறேன்.

ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.2-இல் இருந்து 6.8-க்கு இறங்கியிருக்கிறது. ஒட்டுக்கடைத் தம்பி இப்போது கேட்பதே இல்லை, என்னைக் கண்டதும் தே ஓ கொசோங், பாலும் சீனியும் இல்லாத தேநீர், போட்டுவிடுகிறார்.